காலைக் கொடுத்து ஆள் எடுப்பது

ஜனவரி 6, திங்கள்

வருஷம் பிறந்ததிலிருந்து சும்மா கிடந்த டைரிக்கு இன்றைக்கு வேலை வந்துவிட்டது. சென்னையிலிருந்து கோச் பேசினார். நம் கபடி அணிக்கு இந்த டிராஃப்டில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வேண்டுமாம். ஒரு ரைட் கார்னர், ஒரு லெஃப்ட் கார்னர். மதுரைக்குத் தெற்கே உள்ள கல்லூரிகள் எல்லாம் என் பொறுப்பு. பேர்பெற்ற ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பார்கள். கல்லூரிப் பையன்களுக்கு ஏலம் கிடையாது. அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லும். நம் முறை வரும்போது யார் பெயரைச் சொல்வது என்பதுதான் என் வேலை.

"போன வருஷம் நீங்க சொன்ன ரெண்டு பேரும் சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்ச்சாங்க ஜெயசீலன். இந்த வருஷமும் அப்படின்னா மேனேஜ்மென்ட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாது," என்றார் கோச். தேய்த்தது பையன்கள் தப்பா, உட்கார வைத்தவர் தப்பா என்று கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷைனி, "கார்னர்னா என்னப்பா?" என்று கேட்டாள். கபடிக்காரன் பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது. எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு போகிறவன் ரைடர், இரண்டு ஓரத்திலும் நின்று அவன் காலைப் பிடிக்கிறவர்கள் கார்னர், அவர்களுக்கு உள்பக்கம் நின்று மோதித் தள்ளுகிறவர்கள் கவர் என்று சொன்னேன். "நான் உள்ளே போனா எனக்கு இடது பக்கம் நிக்கிறவன் ரைட் கார்னர், என் இடது காலைப் பிடிப்பான். வலது பக்கம் நிக்கிறவன் லெஃப்ட் கார்னர், வலது கால் அவனுக்கு." ஏன் மாற்றிப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றாள். அவர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பேர் என்றேன். "குழப்பம்," என்று சொல்லிவிட்டு செல்போனுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 9, வியாழன்

சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரி. வழக்கம்போல மேட்ச் முடிந்ததும் பேன்ட்டைக் கழற்றி ஷார்ட்ஸோடு நானே உள்ளே இறங்கினேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தெற்குச் சீமை முழுக்க எனக்கு இதுதான் பேர், ஜெயசீலன் காலைக் கொடுத்துத்தான் ஆளை எடுப்பார் என்று. பதினெட்டு வருஷம் மில் அணிக்கு ரைடராக ஓடின கால். அதைப் பிடித்து நிறுத்துகிறவன் எவனோ அவன் பிள்ளை. ஒவ்வொருத்தனுக்கும் மூன்று ரைடு, பத்துக்கு மார்க், யாராவது ஒரு பையன் என் செல்போனில் வீடியோ எடுப்பான்.

ரைட் கார்னரில் இரண்டு பேர், இரண்டு பேருமே பிரமாதம். ஒருத்தனுக்கு எட்டு, ஒருத்தனுக்கு எட்டரை. லெஃப்ட் கார்னரில் மதன்குமார் என்று ஒருத்தன். மூன்று தடவையும் உதறிவிட்டு வந்தேன். நான்கு. அதுவும் பாவம் பார்த்துப் போட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறினேன், இடது செருப்பு தரையிலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் எடுத்துக் கொடுத்து, "அண்ணாச்சி, செருப்புக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும்லா," என்றார். பஸ்ஸே சிரித்தது. கழன்றது தெரியவே இல்லை. செருப்பு நைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பொங்கல். வயிறு முட்டத் தின்றேன். மாடிப்படியில் தடுக்கி, கையில் இருந்த கரும்பு போய்விட்டது. ஷைனி அதற்கு என்னோடு பேசவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், இரண்டு கல்லூரி. ரைட் கார்னர்களுக்கு எட்டு, எட்டரை, எட்டு. லெஃப்ட் கார்னரில் ஒருத்தனும் தேறவில்லை. இந்தக் காலத்து மாஸ்டர்கள் நல்ல பையனை எல்லாம் கொண்டுபோய் ஒரே ஓரத்தில் நிறுத்துகிறார்கள் போல. கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

ஜனவரி 22, புதன்

கிடைத்துவிட்டான்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கலைக் கல்லூரி. பையன் பேர் இசக்கிராஜா, பி.ஏ. மூன்றாம் வருஷம், ரைட் கார்னர். பார்க்க ஒன்றும் இல்லை, ஒடிசலாக இருக்கிறான். மாஸ்டர்கூட, "அவன வேணா பாக்கீங்களா?" என்று இழுத்தார். பாடிக்கொண்டு உள்ளே போனேன். ஓரமாகக் காலை நீட்டினதுதான் தெரியும், கணுக்காலில் கை விழுந்தது. இழுத்தேன். வரவில்லை. இரண்டாவது ரைடில் பின்னால் எம்பிப் பார்த்தேன், மூன்றாவதில் என் பழைய வித்தை எல்லாம் காட்டிப் பார்த்தேன். காலை நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. குப்புற விழுந்து எழுந்திருக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்தில் யாரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"அடி பட்டுருச்சா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

"ஏல, நீ எங்க இருந்த இவ்வளவு நாளா?" என்றேன். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சார்," என்றான்.

ஒன்பதரை போட்டேன். அரை மார்க்கைக் கண்ணுபடாமல் இருக்கக் குறைத்தேன். எல்லா வீடியோவையும் பஸ்ஸில் இருந்தே சென்னைக்கு அனுப்பினேன். மனசு நிறைந்திருக்கிறது. கோச் இனிமேல் பெஞ்சைப் பற்றிப் பேசட்டும்.

ஜனவரி 23, வியாழன்

ரெஜினா தையல் மிஷினிலிருந்து நிமிராமலே கேட்டாள். "ஏங்க, பேன்ட்டு எல்லாத்துலயும் இடது கால் மடிப்பு மட்டும் ஏன் இப்படித் தேயுது? நாலாவது பேன்ட்டு இது." நீ ஒரு பக்கம் நீளமாகத் தைத்திருப்பாய் என்றேன். தையல்காரியிடம் சொல்லக் கூடாத பதில். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஜனவரி 27, திங்கள்

அணியின் வீடியோப் பிரிவில் இருக்கும் வினோதினி பேசினாள். நல்ல பெண், கம்ப்யூட்டர் படித்தவள், மேட்ச் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கணக்குப் போடுவாள்.

"சார், இசக்கிராஜாவோட யுனிவர்சிட்டி மேட்ச் எல்லாம் பார்த்தேன். கணுக்கால் பிடி நிறைய நழுவுது சார். வெயிட்டான ரைடர் வந்தா விட்டுடறாரு. கவர்ல நின்னு மோதித் தள்ளுறதுதான் அவருக்கு நல்லா வருது."

வீடியோவில் கை தெரியும்மா, பிடி தெரியாது என்றேன். பிடியைத் தெரிந்துகொள்ள ஒரு கால் வேண்டும், அது கம்ப்யூட்டருக்கு இல்லை என்றும் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். "சரிங்க சார்," என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12-ஆம் தேதி சென்னையில் கேம்ப். நான் பரிந்துரைத்தவர்களை அங்கே வைத்துக் கடைசியாகப் பார்ப்பார்கள். இசக்கிராஜாவுக்குத் தகவல் போய்விட்டது.

பிப்ரவரி 1, சனி

காலையிலேயே இசக்கிராஜா போன் பண்ணினான். ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள், திருச்சியில் செலக்ஷன், அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. தேதி பிப்ரவரி 12. நம் கேம்ப் அன்றைக்கேதான். "அம்மா உங்கள வரச் சொல்லுது சார்," என்றான்.

போனேன். அம்மா பேர் சண்முகக்கனி. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினார். அப்பா இல்லை, ஒரே பையன். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சார், ரயில்வே வேலன்னா சாகுற வரைக்கும் சோறு. உங்க டீமு எத்தன வருசம்? எனக்கு வெளையாட்டு ஒண்ணும் தெரியாது. நீங்க எம் பிள்ளையப் பிடிக்கச் சொல்லிப் பாத்தீங்களாம்லா. நீங்க என்ன சொல்லுதீங்களோ அதத்தான் செய்வோம்."

பையன் கதவு ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தான். ரயில்வே செலக்ஷன் எப்போதோ ஒரு தடவை வருவது. ஆனால் அந்தப் பிடி. அதை நான் மறக்க முடியுமா.

"இவன் கை லட்சத்துல ஒரு கைம்மா. டிராஃப்ட்ல இவன் பேரை முதல் சுத்துலயே சொல்லவைக்க வேண்டியது என் பொறுப்பு. டீவியில வந்துட்டா ரயில்வே என்ன, எல்லாத் துறைக்காரனும் தேடி வருவான். திருச்சிக்கு இப்ப போக வேண்டாம்."

அம்மா முறத்தை இறக்கி வைத்தார். "அப்பம் திருச்சிக்குப் போவாண்டாம்," என்றார் மகனைப் பார்த்து. பேச்சு முடிந்துவிட்டது. கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடி வினோதினி. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பார்த்ததுல ரைட் கார்னர் எல்லாருக்குமே எட்டு, எட்டுக்கு மேல. லெஃப்ட் கார்னர் ஒருத்தர்கூட அஞ்சைத் தாண்டலை. போன வருஷம் நீங்க அப்படிப் போடலையே சார்."

ஒரு வருஷம் மாங்காய் காய்க்கும், ஒரு வருஷம் காய்க்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "உடம்பு நல்லா இருக்கா சார்?" என்று கேட்டாள். என் உடம்புக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம். எரிச்சலாக வந்தது, போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்றைக்கு ஷைனி வகுப்பில் கபடி சொல்லிக் கொடுத்தார்களாம். "வாங்கப்பா, நான் ரைட் கார்னர்," என்று முன்னறையில் மேஜையை நகர்த்திவிட்டு நின்றாள். விளையாட்டுக்குப் பாடிக்கொண்டு போய்க் காலை நீட்டினேன். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இழுத்துப் பார்த்தேன். சரி பிள்ளைதானே என்று விட்டுக் கொடுத்தேன். "அப்பாவைப் பிடிச்சுட்டேன்" என்று வீடெல்லாம் ஓடினாள்.

ரெஜினா மிஷினை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுத்தான் குடுத்தீங்களா?" என்றாள்.

பின்னே.

பிப்ரவரி 6, வியாழன்

செருப்பு மாற்றியாகிவிட்டது. குதிகாலில் வார் வைத்தது. இனிமேல் கழலாது.

பிப்ரவரி 8, சனி

நேற்று முழுக்க மனசு சரியில்லை. இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தச் சிவகாசிக் கல்லூரிக்கே போனேன். மதன்குமாரைக் கூப்பிட்டேன். நான்கு மார்க் போட்டேனே, அந்த லெஃப்ட் கார்னர் பையன்தான். மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

முதலில் அவன் இடத்திலேயே நிற்கச் சொன்னேன். வலது காலைப் பிடித்தான். உதறிவிட்டு வந்தேன். "நான் அன்னைக்கே சரியாப் பண்ணல சார்," என்று தலையைத் தொங்கப்போட்டான்.

"இப்ப அந்தப் பக்கம் போய் நில்லு. ரைட் கார்னர்ல."

"எனக்கு அங்க பழக்கமே இல்லயே சார்."

"சும்மா நில்லுல."

இடது காலை நீட்டினேன். பிடித்தான். இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னேன். வரவில்லை. மூன்றாவது தடவை அவனையே ஒரு கையால் மட்டும் பிடிக்கச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. பையனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "சார், நான் ரைட் கார்னருக்கே மாறிரட்டுமா?" என்று கேட்கிறான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

என் கால். பையன்கள் பிடி இல்லை. என் கால் செத்துப்போய்க் கிடக்கிறது. பாதத்தை மேலே தூக்கிப் பார்த்தேன், வலது பாதம் எழும்புகிறது, இடது பாதம் யோசிக்கிறது.

இசக்கிராஜாவிடம் சொல்ல வேண்டும். திருச்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளை பேசிவிடுவேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனோம். முழங்கால் போட்டு எழுந்திருக்க ரெஜினா தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இசக்கிராஜா கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம் என்று எங்கேயாவது போயிருப்பான். அதோடு, காலில் ஏதோ கோளாறு என்று தெரிந்தால் கோச் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாதா. காலைக் கொடுத்து ஆள் எடுக்கிறவனுக்குக் கால் இல்லை என்றால் அவன் எதற்கு. ஒருவேளை பையன் நிஜமாகவே நல்ல பிடிகாரனாகவும் இருக்கலாம். இரண்டும் இருக்கலாமே.

பிப்ரவரி 10, திங்கள்

பேசினேன். முழுசாகச் சொல்லவில்லை. "ஏல, யோசிச்சுப் பாத்தேன், நீ திருச்சிக்கே போயிட்டு வாயேன். ரயில்வேன்னா சும்மாவா," என்றேன்.

சிரித்தான். "தெரியும் சார். மாஸ்டர் சொல்லியிருக்காரு, பெரிய டீம்ல எல்லாம் இப்படித்தான் மனசு அலையுதான்னு சோதிச்சுப் பாப்பாங்கன்னு. நான் அலைய மாட்டேன் சார். உங்கள நம்பி வந்துட்டேன்."

இல்லல, நிஜமாத்தான் சொல்லுதேன் என்றேன். "சரி சார், சரி சார்," என்று இன்னும் சிரிக்கிறான். "ஏன் சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு கோழைக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

நாளைக்குப் பகல் வண்டியில் நான் திருநெல்வேலியில் ஏறுகிறேன், அவன் கோவில்பட்டியில் ஏறுகிறான். ஒரே பெட்டி. வண்டி திருச்சி வழியாகத்தான் போகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சென்னை. லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஏறினான். புது ஷூ. அம்மா வந்து ஜன்னல் வழியாக என்னிடம் புளிச்சாதப் பொட்டலம் கொடுத்தார். "பிள்ளைய உங்க கையில விட்டுருக்கேன்," என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

சாத்தூரில் சொல்லலாம் என்று நினைத்தேன், எதிர் சீட்டில் ஒரு குடும்பம் ஏறியது. மதுரையில் அவர்கள் இறங்கினார்கள், அவன் தூங்கிவிட்டான். தூங்குகிறவனை எழுப்பி என்ன சொல்வது என்று திண்டுக்கல் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மணப்பாறையில் முறுக்குக்காரன் சத்தத்தில் முழித்துக்கொண்டான். அடுத்தது திருச்சி. அதற்கு மேல் தள்ள ஊர் இல்லை.

"இசக்கி, சர்டிபிகேட் எல்லாம் வச்சிருக்கியா?"

"ஒரிஜினலே வச்சிருக்கேன் சார். கேம்ப்புக்குக் கேட்டிருந்தாங்கள்லா."

"ரயில்வே லெட்டர்?"

"போன்ல கெடக்கும். எதுக்கு சார்?"

இடது காலை எதிர் சீட்டில் அவன் பக்கத்தில் தூக்கிவைத்தேன். கையால் பேன்ட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. "பிடி," என்றேன். "இங்கயா சார்?" என்று சுற்றும்முற்றும் பார்த்தான். பிடித்தான். "ஒத்தக் கையால பிடி." பிடித்தான். இழுத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் அவன் கையிலேயே இருந்தது. பிறகு வலது காலை வைத்தேன். பிடிக்கச் சொன்னேன், இரண்டு கையாலும். ஒரே உதறல், வந்துவிட்டது.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நான் பார்த்தேன். மண்டு இல்லை அவன், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். "என் கால் செத்துப்போச்சுல. உன் பிடிக்கு நான் போட்ட மார்க்கு பொய். உனக்குப் பிடி வராதுன்னு சொல்லல. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை வச்சு உன்னைத் திருச்சிக்குப் போக வேண்டாம்னு சொல்லிட்டேன். இறங்கிப் போ."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "இது எப்ப சார் தெரியும் உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலைலதான்," என்றேன்.

தலையை ஆட்டினான். பையை எடுத்தான். வண்டி நின்றதும் இறங்கினான். கீழே இறங்கி ஒரு தடவை திரும்பி, "டாக்டரப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். புளிச்சாதம் என்னிடமே இருந்தது. சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கோச்சிடம் நேராகப் போய்ச் சொன்னேன். ரைட் கார்னர் மார்க் ஒன்றும் செல்லாது, என் காலில் கோளாறு. அவர் வினோதினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அதை எல்லாம் போன வாரமே எடுத்தாச்சு ஜெயசீலன்," என்றார்.

நான் அனுப்பின வீடியோவிலேயே அவள் பார்த்துவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு ரைடிலும் என் இடது கால் விரல் தரையில் இழுபடுகிறதாம். மாங்காய்க் கதை சொன்னேனே, அன்றைக்கே என் மார்க்கை விலக்கிவிட்டு மேட்ச் வீடியோவை வைத்து வேறு பட்டியல் போட்டுவிட்டார்கள். அதில் இசக்கிராஜா பேர் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்புறம் எதுக்கு அவனைக் கேம்ப்புக்கு வரச் சொன்னீங்க? அவன் ரயில்வே செலக்ஷனை விட்டுட்டு வர இருந்தான், தெரியுமா?"

"அது எங்களுக்குத் தெரியாதே சார். நீங்க சொல்லவே இல்லியே. கூப்பிட்டவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்னு நினைச்சோம்," என்றாள் வினோதினி. கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்று கேட்டேன். "எப்படி சார் சொல்றது? உங்களுக்கு எங்கப்பா வயசு. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன், நீங்க வச்சுட்டீங்க."

கோச் என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்து, இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்க என்றார். அடுத்த வருஷம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர். முதுகில் வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது. ஆறு மாதமாவது இருக்குமாம், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று திட்டினார். நான் சொல்வதற்குள் ரெஜினா சொல்லிவிட்டாள். "செருப்பு மாத்துனாங்க டாக்டர்."

அடுத்த வாரம் ஆபரேஷன். நடை திரும்பலாம், பழைய வேகம் திரும்பாது. பயமாக இருக்கிறது. ரெஜினாவிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "எனக்கும்தான்," என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

டிராஃப்ட். வீட்டில் படுத்துக்கொண்டே டீவியில் பார்த்தேன். நம் அணி எடுத்த இரண்டு பேருமே நான் பார்க்காத பையன்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

சண்முகக்கனி அம்மா போன் பண்ணினார். இசக்கிராஜாவுக்கு ரயில்வேயில் வேலை உறுதியாகிவிட்டது. செலக்ஷனில் முதலில் கார்னரில் நிறுத்தினார்களாம், பிடி நழுவிவிட்டது. பிறகு கவரில் நிறுத்தி மோதச் சொன்னபோது பிய்த்து எறிந்துவிட்டானாம். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"சார், தெரிஞ்ச அன்னைக்கே எம் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்கள்லா. வேற ஒருத்தன்னா தன் பொழப்பப் பாத்துக்கிட்டுப் பேசாம இருந்திருப்பான். உங்க காலு சரியாவணும்னு எங்க அம்மனுக்கு நேந்திருக்கேன். வெள்ளில கால் உரு எடுத்துப் போடுதேன்னு."

"சரிம்மா," என்றேன். ஞாயிற்றுக்கிழமை பையன் பார்க்க வருகிறானாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இசக்கிராஜா வந்தான். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். நான் கம்பை ஊன்றி வாசல் வரை நடந்து காட்டினேன். "நல்லா வந்துருச்சு சார்," என்றான். ரெஜினா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஷைனியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும்.

"இசக்கி, அன்னைக்கு வண்டியில எப்ப தெரியும்னு கேட்டல்லா. காலைலதான்னு சொன்னேன். அது பொய். எட்டாம் தேதியே தெரியும்."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். உதடு அசைந்தது.

"அப்பம் போன் பண்ணும்போதே தெரியும்."

"தெரியும்."

"நான் சிரிச்சேன். அப்பவும் சொல்லல."

"சொல்லல."

"வண்டியில மதுரைல நான் தூங்கிட்டேன். திருச்சி தாண்டுற வரைக்கும் தூங்கியிருந்தா எழுப்பியிருப்பீங்களா சார்?"

எழுப்பியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்கே அது தெரியவில்லை. "தெரியலல," என்றேன்.

அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை, எழுந்தான்.

"அம்மாகிட்ட இத எப்பவும் சொல்லிராதீங்க சார். உரு செய்யச் சொல்லி ஆசாரிகிட்ட குடுத்துட்டா. கொடைக்கு உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கா. வந்து அவ பக்கத்துல நில்லுங்க. அவ போடட்டும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். டீயை அவன் தொடவே இல்லை. கொடை வைகாசியில் வருகிறது.